நார்மக் மாடியில் காலியான இடங்கள்

அந்த வெள்ளிக்கிழமை, தெஹ்ரானின் நார்மக் பகுதியில், டோர்னாஸ் வீட்டு மொட்டை மாடியில் இருந்தவர்கள்: ராணுவச் சேவை முடித்து வந்து, மொட்டைத் தலையில் அரை அங்குலம் முடி வளர்ந்திருந்த தீர்தாத், மூக்கு அறுவை சிகிச்சை முடிந்த நான்காம் நாளே பிளாஸ்திரியை மறைக்காமல் வந்து நின்ற மஹ்தீஸ், டிரம் வாசிக்கும் ஹீர்போத், பழைய காரை வாடகைக்கு ஓட்டிய காம்யாப், கேமராவுக்குப் பின்னால் டோர்னாஸ். அடுத்த வருடம் அதே வெள்ளிக்கிழமை தீர்தாத் கனடாவில் இருந்தான். மற்றவர்கள் மறுபடி படம் எடுக்கக் கூடியபோது, மாடியில் அவன் நின்ற இடத்தில் யாராலும் நிற்க முடியவில்லை.

முதலில் இடித்துக்கொண்டவன் காம்யாப். “நெருங்கி நில்லுடா,” என்று டோர்னாஸ் கத்தினாள். “எங்க நெருங்கறது? இங்க ஒருத்தன் நிக்கறான்,” என்றான் அவன், தோளைத் தேய்த்தபடி. ஒன்றரை முழ அகலம். ஹீர்போத்தின் சிகரெட் புகை அதைச் சுற்றிக்கொண்டு போனது. படத்திலும் அந்த இடைவெளி விழுந்தது, தீர்தாத்தின் காது உயரத்தில் கொஞ்சம் கூடுதல் வெளிச்சத்தோடு. யாரும் பயப்படவில்லை. ஒரு வருடமாக எங்கே கூடினாலும் தொலைபேசியில் அவனிடம் “உன் இடம் காலியா இருந்துச்சு” என்று, எல்லோரும் சொல்கிற மாதிரி, சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அவனும் முறைப்படி “என் இடத்துல நீங்க இருங்க” என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தான். முதல் பேச்சு பலித்துவிட்டது. இரண்டாவது பலிக்கவில்லை. அவ்வளவுதான்.

பிறகு மஹ்தீஸ் மெல்போர்ன் போனாள். ஹீர்போத் ஆர்மேனியாவில் யெரெவான் போய் அங்கிருந்து பெர்லின் போனான். இடம் காலியாவது விமானம் ஏறும்போது அல்ல, போகிறவர் நல்லபடி திரும்பி வரட்டும் என்று வாசலில் அவர் பின்னால் தண்ணீர் ஊற்றும்போதே என்பதை ஹீர்போத்தின் அக்காதான் கவனித்துச் சொன்னாள். கிண்ணத்துத் தண்ணீர் படியில் விழுந்த அதே நொடியில் வீட்டு சோபாவில் அவன் மூலை இறுகிவிட்டதாம். அந்த வருடங்களில் தெஹ்ரான் முழுக்க இதே கதைதான். நார்மக்கின் சின்னச் சதுக்கங்களில் கிழவர்கள் பெஞ்சின் விளிம்பில் தொற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு புகைப்பட வகுப்பில் ஒன்பது பேருக்குப் பாடம் நடத்திய ஆசிரியர், பதின்மூன்று இடைவெளிகளைச் சுற்றி நடக்கப் பழகினார். ரொட்டிக் கடை வரிசையில் காலி இடத்தின் முறை வந்தால், ரொட்டிக்காரர் ஒரு மூச்சு நேரம் சும்மா நின்றுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். யாரும் முணுமுணுக்கவில்லை.

டோர்னாஸ் பகலில் விசாவுக்குப் படம் எடுக்கும் கடையில் வேலை பார்த்தாள். காது தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது. பகலெல்லாம் போகிறவர்களின் முகத்தை எடுத்தாள். சாயங்காலம் அவர்கள் விட்டுப் போன இடத்தை எடுத்தாள். ஒன்பது வருடம் கழித்து ஒரு கட்டடத்தின் நிலவறையில் நாற்பத்தொரு படங்களைத் தொங்கவிட்டாள். விமர்சகர்கள் இரண்டு பேர் வந்தார்கள், மற்றவர்களெல்லாம் அம்மாக்கள். தீர்தாத்தின் அம்மா ஃபரங்கிஸ் மாடிப் படத்தின் முன்னால் மூக்கு ஒட்டுகிற மாதிரி நின்றாள். “இடது தோள் தாழ்ந்திருக்கு பாரு. ஒத்தத் தோள்ல பையத் தொங்கவிடாதேன்னு எத்தனை தடவ சொன்னேன், கேட்டானா?” என்றாள். பிறகு திரும்பினாள். “உனக்கும் ஜெர்மனிக்கு விசா வந்துடுச்சாமே. நல்லது. ஆனா நீ எங்கடி இதுல? ஒரு படத்துலயும் நீ நிக்கலையே. நீ போனா எந்த இடம் காலியாகும்?”

கீரை விலை கேட்கிற குரலில்தான் கேட்டாள். டோர்னாஸ் அந்தக் கேள்வியை வீடு வரை தூக்கிக்கொண்டு வந்தாள். காலி இடம் விடாமல் போகிறவள் இந்த ஊரில் இருந்தாள் என்பதற்கு என்ன சாட்சி? போகும் வாரத்தில் காம்யாப்பை மாடிக்கு இழுத்துப் போனாள். வரிசையில் மூன்று இடைவெளிகளுக்குப் பக்கத்தில் தான் நின்றுகொண்டு அவனை எடுக்கச் சொன்னாள். படத்தில், யாரோ வீட்டுக் கல்யாணத்தில் தெரியாமல் நுழைந்துவிட்டவள் மாதிரி இருந்தாள்.

“நல்லாத்தானே இருக்க,” என்றான் காம்யாப்.

“விசா படம் மாதிரி இருக்கு.”

“ஊரையே சிரிக்க விடாம எடுத்தல்ல, அந்தப் பாவம்தான்.”

வியாழன் காலை அம்மா மெஹ்ரங்கீஸ் தெருவாசலில் குர்ஆனை உயர்த்திப் பிடித்தாள். டோர்னாஸ் அதன் கீழே குனிந்து போய், திரும்பி வந்து முத்தமிட்டு, மறுபடி குனிந்து போய்க் காம்யாப்பின் காரில் ஏறினாள். பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சதுக்கத்தைச் சுற்றுவதற்குள் சொல்லிவிட்டாள்: “காம்யாப், திருப்பு.”

“தண்ணி ஊத்தின பிறகா? உனக்கென்ன பைத்தியமா? செத்தாலும் திருப்ப மாட்டேன்.”

“அப்ப நிறுத்து, நான் நடந்து போறேன்.”

எல்லாப் புனிதர்களின் பெயரையும் சொல்லித் திட்டிக்கொண்டே திருப்பினான். காலிக் கிண்ணத்தோடு வாசலில் நின்ற அம்மா மகளைப் பார்த்து உதட்டைக் கடித்தாள், தடுக்கவில்லை. டோர்னாஸ் ஐந்து மாடி ஏறினாள். மாடியில் வைத்திருந்த ஏர்கூலர் ஓடிக்கொண்டிருந்தது. தார் பூசிய தரையில் கேமரா முக்காலி அழுத்திய மூன்று குழிகள் இருந்தன. அவற்றின் பின்னால், ஒன்பது வருடம் தான் நின்ற இடத்தில் போய் நிற்கப் பார்த்தாள். தோள் இடித்தது. வலப்பக்கமாக வந்தாள், அங்கும் இடித்தது. வலிக்கவில்லை. வேலையில் மூழ்கியிருக்கிறவள் நம்மைக் கவனிக்காமல் நிற்கிற மாதிரி இருந்தது. கையால் தடவிப் பார்த்தாள். அவள் உயரம்தான், கழுத்து மட்டும் முன்னால் குனிந்திருந்தது. எதிரே மூன்று இடைவெளிகள் படத்துக்கு நின்றுகொண்டிருந்தன.

“மன்னிச்சுக்க,” என்று சொல்லிவிட்டு, வரிசையில் தெரியாதவருக்கு வழி விடுவது போல ஒதுங்கினாள். கீழே காம்யாப் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை.

அவள் கீழே வந்ததும், அம்மா கிண்ணத்தில் ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொன்னாள். “என்னத்த மறந்துட்டுப் போன?”

“ஒண்ணும் மறக்கலம்மா. எல்லாம் வச்ச இடத்துலயே இருக்கு.”

“அப்ப கிளம்பு. அவன் காதக் கிழிக்கறான்.”

இரண்டாம் முறை தண்ணீர் ஊற்றவில்லை. ஒருவருக்கு ஒரு தடவைதான். டோர்னாஸ் வாசற்படி இறங்கியதும் மெஹ்ரங்கீஸ் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினாள்.