மேடில்லாத ஊர்

மூன்றாவது குடம் தண்ணீரை ஊற்றும்போதுதான் நிஷாந்தினி அந்தக் காயத்தைப் பார்த்தாள். அம்மாவின் வலது முட்டியில் கறுத்த பொருக்கு, பெரிய காசு அளவில். முழங்கையிலும் உரசல். பள்ளிக்கூடப் பிள்ளைகள் விழுந்து எழும்பி வருவார்களே, அந்த மாதிரிக் காயம். வயிற்றில் கட்டியோடு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து செத்துப்போனவளுக்கு அது எப்படி வந்தது?

சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு வீரம்மாவும் பார்த்தாள். பார்த்துவிட்டு, மறைப்புக்குக் கட்டியிருந்த சேலையின் அந்தப் பக்கம் கண்ணை ஓட்டினாள். அங்கே அப்பா சுந்தரலிங்கம் நின்றார்.  ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எந்த விசயமும் வாயைத் திறந்து சொல்லித்தான் பரவ வேண்டும் என்று இல்லை. அம்மா கமலத்துக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, கூறைச் சேலை கட்டி வெளியே கொண்டுவந்து கிடத்துவதற்குள் கடைசி வீடு வரைக்கும் தெரிந்துவிட்டது.

அப்பா ஒரு காலத்தில் கை நீட்டுகிறவர்தான். நிஷாந்தினி பெரியவளான வருடம் குடியை விட்டார், கையும் அத்தோடு நின்றது. நின்றது என்றுதான் அவள் நம்பியிருந்தாள். பல்லேகலையில் காமன்ட் தையல் வேலை, அங்கேயே போர்டிங். எப்போதாவது லீவு கிடைத்தால் வீட்டுக்கு வருகிறவளுக்கு, எது நின்றது எது நிற்கவில்லை என்று யார் சொல்லப்போகிறார்கள்?

மாமா மருதமுத்து கலஹாவிலிருந்து வேனில் வந்து இறங்கினார். கையில் தாம்பாளம், அதில் பிறந்த வீட்டுக் கோடி. கூடப்பிறந்தவன் கொண்டுவரும் அந்தச் சேலையைப் போர்த்தாமல் கட்டிக்கொடுத்த பெண்ணைத் தூக்க மாட்டார்கள். நாலு எட்டு வைத்திருப்பார், யாரோ வந்து காதோடு காதாகப் பேசினார்கள். மாமா அப்படியே நின்றார். பிறகு திரும்பிப் போய் வேனோடு சாய்ந்துகொண்டார். முட்டிக்கு என்ன ஆனது என்று மாப்பிள்ளை தன் வாயால் சொல்லட்டும், இல்லாவிட்டால் பொலிசுக்குச் சொல்லிவிட்டுத்தான் கோடி போடுவேன் என்று ஆள் விட்டார்.

அப்பா லயத்துக்குப் பின்னால் பீப்பாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். பீப்பாய் நிறைந்து வழிந்து காலடியெல்லாம் சேறாகியிருந்தது. அவர் குழாயை மூடவில்லை.

"அம்மா முட்டியில என்னப்பா?"

"விழுந்தா."

"எங்க?"

"சொல்லமாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

"அவளுக்குத்தான்."

"அம்மா இல்லப்பா. நான் இருக்கேன். எனக்குத் தெரியணும். நீங்க அடிச்சீங்களா?"

சின்ன வயதிலிருந்து கேட்க நினைத்து, ஒருநாளும் கேட்காத கேள்வி அது. அப்பா கோபப்படுவார் என்று பார்த்தாள்.  அவர் குழாயை மூடி, ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வேனை நோக்கி நடந்தார். அவள் பின்னாலேயே போனாள். என்ன சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. என்ன சொன்னால் தான் நம்புவாள் என்பதும் தெரியவில்லை.

"நாங்க நல்லூருக்குப் போகல மச்சான்" என்றார் அப்பா.

மாமா இதை எதிர்பார்க்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால், தங்கச்சி பேருக்கு நல்லூரில் அர்ச்சனை செய்துவிட்டு வாருங்கள் என்று கண்டியில் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏற்றிவிட்டவரே அவர்தான். திரும்பி வந்து இரண்டு பேரும் திருநீறு கொடுத்தார்களே.

அப்பா நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். யாழ்ப்பாணத்தில் இறங்கியதும் கமலம் இறங்குதுறைக்குப் போகிற பஸ்ஸின் போர்டைப் பார்த்திருக்கிறாள். கோயில் நம்ம ஊரிலும் இருக்கிறது, கடல்தான் இல்லை என்று சொல்லிவிட்டு அதில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் படகு. நெடுந்தீவு. கல் மதில்கள், பனை மரங்கள், நடுவில் நேரான ரோடு. காற்றைத் தவிர ஒரு சத்தம் கிடையாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒருவன் கரண்ட் சைக்கிள் வாடகைக்கு வைத்திருந்தான். மிதிக்க வேண்டியதில்லை, திருகினால் போகும். தனக்கு ஒன்று வேண்டும் என்றாள்.

"கத கட்டாதீங்க மாப்ள. லயத்துப் படி ஏறவே மூச்சு வாங்குனவ."

"மேடு இருந்தாத்தானே மச்சான் மூச்சு வாங்கும்."

சுற்றி நின்றவர்கள் இன்னும் கிட்டே வந்தார்கள்.

"மொதல்ல வண்டி நகரவே இல்ல" என்றார் அப்பா. "பிரேக்கப் புடிச்சா மோட்டார் ஓடாதாம் அதுல. இவ ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சிருக்கா. அந்த மனுசன், 'அக்கா, பிரேக்கை விடுங்கோ, விடுங்கோ'ன்னு கெஞ்சுறான். விடவே இல்ல."

மாமாவின் கையில் தாம்பாளம் சரிந்தது. பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு கையாலயுமா?"

"ரெண்டு கையாலயும்."

மாமா வேன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினார். கலஹாவில், பந்தடிக்கிற மைதானத்தில், அவர்தான் தங்கச்சிக்குச் சைக்கிள் பழக்கியவர். மைதானத்தை விட்டால் எங்கே பார்த்தாலும் இறக்கம்.

"பிரேக்க விட்டா செத்துப்போவேடின்னு நான்தான் சொல்லி வச்சேன்" என்றார். பிறகு, "அப்புறம்?"

"அப்புறம் விட்டுட்டா."

விட்டதும் வண்டி போய்விட்டது. அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. ஹந்தானை மேட்டில் பிறந்தவனுக்குச் சைக்கிள் எதற்கு? மதில் நிழலில் உட்கார்ந்திருந்தார். படகு புறப்படும் நேரமும் நெருங்கியது, ஆளைக் காணோம். எழுந்து எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றபோது, போன ரோட்டில் இல்லாமல் வேறு பக்கத்திலிருந்து வந்தாள். தலை கலைந்து, முட்டியில் ரத்தம். நடு ரோட்டில் அந்தத் தீவுக் காட்டுக் குதிரை ஒன்று நின்றதாம். அது வழி விடவில்லை, இவள் விட்டிருக்கிறாள், மதிலோடு போய் விழுந்திருக்கிறாள். குதிரை கிட்டே வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனதாம். அதைப் படகில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கோயிலுக்குப் போகவில்லை என்று தெரிந்தால் அண்ணன் மனசு உடைந்துபோவார், சொல்லக்கூடாது என்று அப்போதே வாக்கு வாங்கிக்கொண்டாள்.

நிஷாந்தினி அந்தச் சிரிப்பை நினைத்துப் பார்க்க முயன்றாள். சுலபமாக வந்தது.

"அப்ப திருநீறு?" என்று மாமா கேட்டார்.

"கண்டி கட்டுக்கலை புள்ளையார் கோயில்ல எடுத்தது. வரும்போது எறங்கி."

மாமாவின் நெற்றியில் அது இன்றைக்கும் பட்டையாக இருந்தது. கையைத் தூக்கினார், அழிக்கப்போகிறார் என்று நினைத்தார்கள். அழிக்கவில்லை. வீரம்மா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு முதுகு குலுங்கியது. பின்னால் இன்னும் இரண்டு பேருக்குக் குலுங்கியது.

"கழுத" என்றார் மாமா.  தாம்பாளத்தை நெஞ்சோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

கோடி போட்டதும் தப்பு முழங்கியது. தூக்கினார்கள். பெண்கள் லயத்தின் எல்லை வரைக்கும் போய் நின்றுவிட்டார்கள், அதற்கு மேல் போவது வழக்கம் இல்லை. சிலர் நின்ற இடத்திலேயே மாரடித்து அழுதார்கள். நிஷாந்தினி அவர்களை விட்டு விலகி, கீழே ரோடு தெரிகிற மண்மேட்டில் ஏறி நின்றாள்.

தேயிலைக்கு நடுவே ரோடு வளைந்து வளைந்து இறங்கியது. பாடைக்குப் பின்னால் அப்பாவும் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். ஒரு வளைவில் மாமா தலையைத் திருப்பி என்னவோ கேட்டார். அப்பா நடந்தபடியே வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்கப் பிடித்து, காற்றில் ஒரே மட்டமாக இழுத்துக்கொண்டே போனார், கை எட்டுகிற தூரம் வரைக்கும்.