அடக்கி வைத்த இருமல்

கொரோனா ஊரடங்கு தொடங்கிய மூன்றாவது வாரம் நல்லசாமிக்கு எதிர்வீட்டுப் பங்கஜத்தின் மேல் சந்தேகம் வந்தது. காலை ஏழு மணிக்கெல்லாம் அந்த அம்மாள் ஜன்னலில் வந்து நின்றுகொள்வாள். கண் இவர் வீட்டின் மேலேயே இருக்கும்.

மலைமேல் பெர்ன்ஹில்லில் அவர் தனி ஆள். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். கோயமுத்தூர் மகனுக்கு மலையேற இ-பாஸ் கிடைக்கவில்லை. டீ ஃபேக்டரியில் தூள் சலிக்கிற இடத்தில் முப்பது வருஷம் நின்றவருக்கு, விடிந்தால் கால்மணி நேரம் இருமல். சாதாரண நாளில் அதை யார் சட்டை செய்தார்கள்? இப்போது கீழ்த்தெருவில் ஒரு வீட்டைத் தகரம் வைத்து அடைத்து, ஆளை வேனில் ஏற்றிப் போனார்கள். போனவர் திரும்பவில்லை.

'நம்ம இருமலைக் கேக்கத்தான் நிக்குது. ஒரு போன் போட்டா நம்ம கதை முடிஞ்சுது!'

அந்த அம்மாள் பால் பாக்கெட் எடுக்கக் குனிந்தால் உளவு. போனைக் காதில் வைத்தால் கோள். பேச்சுத்துணை இல்லாத மனுஷனுக்கு வேறென்ன வேலை? திரையை இழுத்துவிட்டார். இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மூன்று நாளாக நெஞ்சு வலித்தது, கண் பிதுங்கியது, சத்தம் மட்டும் வெளியே போகவில்லை. பெரிய கெட்டிக்காரர்தான், போங்கள்!

நான்காம் நாள் காலை கதவைத் தடதடவென்று தட்டினார்கள். திறந்தால், கவச உடையில் சுகாதார ஊழியர் சசிரேகா, பின்னால் இன்னோர் ஆள். ரோட்டுக்கு அந்தப்பக்கம் பங்கஜம்.

"நெனச்சேன்! சொல்லிக் குடுத்துட்டீங்கல்ல?" என்று கத்தினார் நல்லசாமி. "நான் எங்கயும் வரமாட்டேன். செத்தாலும் என்ற ஊட்லயே சாவறேன்!"

"ஏனுங்க, உங்களக் கூட்டிட்டுப் போக வரலீங்க," என்றாள் சசிரேகா. "மூணு நாளா உங்க இருமல் சத்தமே கேக்கலைன்னு இந்தம்மா அழுதுட்டே போன் பண்ணுனாங்க. கதவ ஒடைக்க ஆளோட வரச் சொன்னாங்க."

நல்லசாமியை வெட்கம் பிடுங்கித் தின்றது.

பங்கஜம் முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். "என்ற ஊட்லயும் யாருமில்லீங்க. காலைல நீங்க இருமுனாத்தான் பக்கத்துல ஒரு மனுசன் இருக்காருன்னு தைரியமா இருக்கும். அதுக்கப்புறந்தான் அடுப்பே பத்த வெப்பேன். மூணு நாளா பத்த வெக்கலீங்க."

நல்லசாமி செருப்புக்கூடப் போடாமல் கேட் வரைக்கும் வந்தார்.

"உப்புமா கெளறி வெச்சிருக்கறேனுங்க," என்றார். "கேட்டு மேல வெச்சுட்டு உள்ள போயிடறேன், எடுத்துக்குங்க. நீங்க சாப்புட்டு முடிக்கறவரைக்கும் ஜன்னல்ல நின்னு பேசிட்டு இருக்கறேன்."