இரண்டு தங்கசாமிகளும் ஒரு கிட்டாரும்

1

இந்தக் கதை ஒரு கிட்டாரைப் பற்றியதாக இருந்திருக்க வேண்டும். அரியலூரில் ஓவிய ஆசிரியராக இருந்த என் நண்பர் பாலசுந்தரம் என்னிடம் சொன்னதும் கிட்டாரைப் பற்றித்தான். ஒரு மாலை முழுக்க அதன் மரம், அதன் வளைவு, அதன் துளை என்று பேசிக்கொண்டே போனவர், போகிற போக்கில் "அதைக் கொண்டுவந்த அம்மாதான் பாவம்" என்றார். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தால் கிட்டார் வரவில்லை. அந்த அம்மா வந்து நின்றாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'1982ஆம் வருஷம், பெரம்பலூர் வட்டாரத்தில் எவரும் பார்த்திராத வகைக் கிட்டார் ஒன்று—'

பொருட்காட்சி அறிவிப்பு மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன். அடுத்தது:

'ராசாத்தியின் கழுத்தில் தாலி இருந்தது. அது இன்னும் இருக்கலாமா என்று ஊர்—'

இதையும் விட்டேன். ஊர் அப்படியெல்லாம் பேசவில்லை. அவளுக்காக அழுத ஊர் அது. [ஊரைப் பொல்லாததாக்கிவிட்டால் கதை தானே உருளும். எனக்கும் அந்த ஆசை வந்தது, மறைப்பானேன்.]

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். தெரியாத இடத்தில் கொஞ்சம் இட்டுக்கட்டுவேன்.

2

ராசாத்தியின் புருசன் தங்கசாமி, சிறுவாச்சூருக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் கிணறு வெட்டுகிறவன். ஏஜெண்ட் ஒருவர் மூலமாக வளைகுடாவுக்குப் போய்க் கட்டட வேலை பார்த்தான். மூன்றாம் வருஷம் தந்தி வந்தது. ஆட்களை ஏற்றிப்போன லாரி கவிழ்ந்துவிட்டது, தங்கசாமி இறந்துவிட்டான், அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டது.

சில மாதம் கழித்து, லீவில் வந்த லப்பைக்குடிக்காட்டு அமானுல்லா ஒரு டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். கூடவே, போர்வையில் சுற்றிய ஒரு கிட்டார்.

"இது என்னாங்க?" என்றாள் ராசாத்தி.

"தங்கசாமி சாமான்னு கம்பெனி ஆபீஸ்ல கொடுத்தாங்கம்மா. நான் வேற சைட்டு, அவரோட பழக்கம் இல்ல." எழுந்தவர் வாசலில் நின்றார். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த கேம்ப்ல ரெண்டு தங்கசாமி இருந்ததா பேச்சு. இன்னொருத்தர் ராமநாதபுரத்துப் பக்கமாம். அல்லா அறிய எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள் ராசாத்தி. பெட்டியில் இருந்த சட்டையும் துண்டும் கம்பெனி எல்லாருக்கும் கொடுத்தவை. அவற்றில் ஆளடையாளம் கிடையாது. ஆளடையாளம் உள்ளது கிட்டார் ஒன்றுதான்.

"எம் புருசனுக்கு விசிலடிக்கக்கூடத் தெரியாது. இது அந்த இன்னொருத்தர் சாமான். செத்ததும் அவருதான்."

கொழுந்தன் ராசாங்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். மெதுவாகக் கேட்டான்: "உசுரோட இருந்தா ஒரு கடுதாசி வராதா அண்ணி?"

"உங்கண்ணனுக்கு எழுதத் தெரியுமா? இத்தன நாளு எழுதிக் கொடுத்தது அந்த இன்னொருத்தரா இருந்தா?"

கருமாதி தள்ளிப்போனது.

[என் பழைய வரைவில் ராசாங்கம் அண்ணன் காணிக்கு ஆசைப்பட்டுக் கருமாதிக்கு அவசரப்படுத்துகிறவன். எழுத எழுத அவன் அப்படிப்பட்டவனில்லை என்று தெரிந்தது. அவனுக்கு வேண்டியிருந்ததெல்லாம் அண்ணனுக்காக வாய்விட்டு அழுவது. அண்ணி முன்னால் கண் கலங்கினால் அது துரோகம். லாரியில் தனியாகப் போகும்போது மட்டும் அழுதுகொண்டான்.]

3

சிறுவாச்சூர்க் கோயில் திருவிழாவுக்கு அரியலூர் மெல்லிசைக் குழு வந்திருந்தது. சாயங்காலம் மேடையில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தவர் கையில் ராசாத்தி ஒரு கிட்டாரைப் பார்த்தாள். மேடைக்குப் பின்பக்கமாகப் போய் நின்றாள்.

"சார், எங்க வூட்டுல இது மாதிரி ஒண்ணு இருக்கு. ஆனா இது மாதிரி இல்ல."

கிட்டார்க்காரர்தான் பாலசுந்தரம். பள்ளிக்கூடத்தில் ஓவியம், விடுமுறையில் கச்சேரி. "எப்படி இல்ல?" என்று சிரித்தார்.

"ஓட்டை வட்டமா இல்லைங்க. மாங்கொட்ட மாதிரி நீட்டமா இருக்கு. முதுகு கூன் போட்டிருக்கு. அது யாரு வச்சிருந்ததுன்னு பார்த்துச் சொல்லுவீங்களா?"

"யாருதுன்னு சொல்ல முடியாதும்மா. என்ன மாடல்னு வேணா கண்டுபிடிக்கலாம். எடுத்துட்டு வாங்க."

இரண்டும் வேறு வேறு கேள்வி என்று அவருக்குத் தெரியும். ராசாத்திக்கு இரண்டும் ஒன்றுதான்.

4

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அரியலூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்த கிட்டாரைப் பார்த்ததும் பாலசுந்தரம் சோறு தண்ணி மறந்தார். கம்பிகள் துளைக்குக் கீழே முடியவில்லை. வயலினில் போல் அடிவிளிம்பு வரை ஓடி ஓர் இரும்புத் தகட்டில் மாட்டியிருந்தன. உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் ஒரு பறவைப் படம், எழுத்து அழிந்துபோயிருந்தது. வாசித்துப் பார்த்தார். விரல் வைத்த இடத்தில் வேறு சுரம் வந்தது. யாரோ விவரமில்லாமல் கம்பியை இடம் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அதை ரயிலில் தூக்கிக்கொண்டு திரிய மனமில்லாமல் ஒரு தாளில் அச்சாக வரைந்து, திருச்சியில் பழைய வாத்தியக் கடை ஒன்றுக்கு எடுத்துப் போனார். கடைக்காரர் பரணிலிருந்து வெளிநாட்டு விலைப்பட்டியல் ஒன்றை இறக்கினார். புரட்டப் புரட்ட, அதே மாங்கொட்டைத் துளை, அதே இரும்புத் தகடு, அதே பறவை. அகப்பட்டுவிட்டது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய மாடல்.

"ஆனா நீங்க தப்பா வரைஞ்சிருக்கீங்களே வாத்தியாரே," என்றார் கடைக்காரர்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நகம் கீறாமலிருக்க முன்பலகையில் ஒட்டும் கருப்புத் தகடு படத்தில் ஒரு பக்கம், அவருடைய தாளில் மறுபக்கம். கண்ணாடியில் தெரிவதுபோல. இருபது வருஷமாக ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவருக்கு மானமே போய்விட்டது.

வீட்டுக்கு வந்து கிட்டாரை எடுத்துப் பார்த்தார். ஓவியம் சரியாகத்தான் இருந்தது. கிட்டார்தான் மாறியிருந்தது.

5

ராசாத்தி மறுபடி வந்தபோது அவர் வாசலுக்கே ஓடிவந்தார்.

"அம்மா, இது சாதாரணப் பொருள் இல்ல! இந்த மாடலே அபூர்வம். அதுலயும் இது இடது கைக்காரங்களுக்குன்னே செஞ்சது. பாருங்க, கை உரசி வார்னிஷ் போயிருக்கே, எல்லா கிட்டார்லயும் இந்தப் பக்கம் போகும், இதுல அந்தப் பக்கம். இப்படி ஒண்ணை இந்த ஜில்லாவுலயே—"

அவள் கேட்டாள்: "இடது கையிலயா?"

"ஆமாம்மா. வலது கைக்காரனால வாசிக்கவே முடியாது. எனக்கே வரல."

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கடப்பாரையை இடது கையிலதான் சார் புடிப்பாரு. சோறு மட்டும் வலது கையில. அது அவங்கம்மா அடிச்சு மாத்துனது."

[தேர்ந்த கதைக்காரன் இதை இரண்டாம் பகுதியிலேயே பட்டும் படாமலும் சொல்லிவைத்திருப்பான். நான் சொல்லவில்லை. பாலசுந்தரத்துக்கு அந்த வாசற்படியில்தான் தெரிந்தது. அவருக்குத் தெரிந்த நேரத்தில் உங்களுக்கும் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.]

தான் எதைக் கண்டுபிடித்திருக்கிறோம் என்பது பாலசுந்தரத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

"இந்தத் தேய்மானம் ரெண்டு மூணு வருஷத்துல வந்ததில்லம்மா. முப்பது நாப்பது வருஷமாகும். இவருக்கு முன்னால எவனோ ஒரு வெள்ளைக்காரன் வச்சிருந்திருப்பான். இத வச்சு ஒண்ணும் சொல்லிட முடியாது."

"அந்த இன்னொருத்தரும் இடது கையா இருக்கலாமில்ல?"

"இருக்கலாம்மா! ஏன் இருக்கக் கூடாது?" தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கிட்டாரைப் பார்த்தாள்.

"கத்துக்க ரொம்ப நாளாகுமா சார்?"

"ஆசை இருந்தா ரெண்டு வருஷத்துல ஓரளவு வாசிக்கலாம்."

"வேல முடிஞ்சா செவத்தப் பார்த்துப் படுத்துக் கெடப்பாருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்," என்றாள். "அப்படிக் கெடக்கல போலருக்கு."

அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை என்றார் பாலசுந்தரம். சிரித்த மாதிரிதான் இருந்தது என்றார். அழுதது அவர்தான்.

6

பெரம்பலூர் பஸ்ஸில் கண்டக்டர் கிட்டாரை மேலே போடச் சொன்னார். அவள் மடியில் வைத்துக்கொண்டாள். [இனி வருவதெல்லாம் என் கற்பனை. பாலசுந்தரம் பஸ் ஏற்றிவிட்டதோடு சரி.] வழியில் ஓரிடத்தில் இடது கை விரலால் தடித்த கம்பியைத் தட்டினாள். பஸ் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதிர்வு அடிவயிறு வரை இறங்கியது.

முடிவு இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில், கருமாதிக்கு நாள் குறிக்கச் சொல்கிறாள். ராசாங்கம் அண்ணன் பேரைச் சொல்லி நடுவீட்டில் விழுந்து அழுகிறான். எட்டு மாத அழுகை. கண்ணியமான முடிவுதான்.

மற்றதில் ராமநாதபுரத்துக்குப் போகிறாள். விசாரித்து விசாரித்து இன்னொரு தங்கசாமியின் வீட்டைக் கண்டுபிடிக்கிறாள். வாசலுக்கு வரும் பெண்ணின் கழுத்திலும் தாலி இருக்கிறது. 'உங்க வூட்டுக்காரரு எந்தக் கையில—'

அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. ராசாத்தியாலும் முடிந்திருக்காது.

எனவே பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். லாரியை ஓரங்கட்டிவிட்டு ராசாங்கம் காத்து நிற்கிறான். அவள் இறங்குகிறாள்.

"வாத்தியார் என்ன சொன்னாரு அண்ணி? யாருதாம்?"

அவள் வாய் திறக்கிறாள். நான் ஒதுங்கிக்கொள்கிறேன். ராசாங்கத்தின் இடத்தில் கொஞ்சம் நீங்கள் நில்லுங்கள். அவள் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள். கேட்டபிறகு அழுவதா, கூடாதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அதற்கு முன்னால் கையை நீட்டிக் கிட்டாரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பார்த்து, மெதுவாக. அவள் இன்னும் பிடியை விடவில்லை.