ஏசுபாதம் அண்ணன் வெட்டிய பட்டன்

எங்கள் வீட்டில் பைக் ஒன்று, டயர் இரண்டு ஜோடி.

முதல் ஜோடி ரோட்டுக்கு. கெட்டி ரப்பர், வழுக்காமலிருக்க ஆழமாக வெட்டிய பட்டன். மழை, பள்ளம், வண்டலூர் டிராஃபிக் எதையும் சகித்துக்கொண்டு அக்கா ஜெரூஷாவைத் தினமும் முடிச்சூரிலிருந்து சிறுசேரி ஆபீசுக்குக் கொண்டுபோய்விடும். இரண்டாவது ஜோடி ரேஸ் டிராக்குக்கு. மெத்தென்ற ரப்பர், பெயருக்கு இரண்டு கோடு தவிர மழமழவென்றிருக்கும். எங்கள் காலேஜ் ஹெச்.ஓ.டி. மாதிரி: சூடேறினால்தான் வேலை செய்யும், மழை என்றால் வராது.

மாதத்தில் ஒரு ஞாயிறு இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் காசு கட்டினால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். போன ஞாயிறு மட்டும் ஒரு ரேஸ் டீம் ஆள் எடுக்க வருவதாக இருந்தது. ஒரு சுற்றை இரண்டு நிமிடம் பதினைந்து வினாடிக்குள் முடிக்கும் பெண்களுக்கு டீமில் இடம். வயது இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும். அக்காவுக்கு ஆகஸ்டில் இருபத்தைந்து முடிகிறது. அதனால் ஒரு வாரமாக அவள் சாப்பிடும்போதுகூட வலது மணிக்கட்டைத் திருகிக்கொண்டிருந்தாள். அம்மா அதை வாதம் என்று நினைத்துத் தைலம் தேய்த்தார்.

டிராக் டயரில் குத்தியிருந்த சிறு கற்களைப் பிடுங்கிச் சுத்தம் செய்ய, வெள்ளிக்கிழமை பஞ்சர் கடை ஏசுபாதம் அண்ணனிடம் கொடுத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் வாங்கப் போனேன். டயர் இரண்டிலும் சுற்றிவரப் பட்டன் இருந்தது. அம்பு அம்பாக, அளவெடுத்த மாதிரி.

"இன்னா பென்னி அப்டி பாக்கற? உங்கக்காவ எவனோ நல்லா ஏமாத்திகிறான். ரெண்டும் மொட்ட டயரு! காலைலேர்ந்து குந்திகினு பிளேடை சூடு காட்டி காட்டி வெட்டினேன்" என்றார்.

"அண்ணே, இது..."

"துட்டு வோணாம். எம் பொண்ணு ஷீலா பரீட்சைக்கு லேட்டானப்ப உங்கக்காதான வண்டில இஸ்துகினு போய் வுட்டுச்சு? அந்தப் பொண்ணு மொட்ட டயர்ல போய் வுயுந்துடக் கூடாது."

கொப்புளம் வந்த கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

மாற்று டயர் தேடிப் பெரும்பாக்கத்தில் இருக்கும் நண்பன் விக்கிக்கு போன் செய்தேன். "மச்சான், ஸ்கூட்டி டயர் கீது, பரவால்லியா?" என்றான். பரவாயில்லை என்று சொல்லும் நிலைக்கு அருகில்தான் இருந்தேன். டயர்களைச் சாக்கில் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளி, அதன்மேல் படுத்துப் புரண்டேன்.

ஞாயிறு காலை ரோடு டயரிலேயே கிளம்பினோம். டிராக்கில் போய் மாற்றுவதுதான் எப்போதும் வழக்கம். பின்சீட்டில் நான், கழுத்தில் சாக்கு சுற்றிய இரண்டு டயர், மாலை போட்ட கவுன்சிலர் மாதிரி. ஒவ்வொரு சிக்னலிலும் சொல்லிவிட நினைத்தேன். ஒவ்வொரு சிக்னலும் பச்சைக்கு மாறியது. தாம்பரம் பக்கம் சிக்னல்கள் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்து நான் பார்த்ததேயில்லை.

டிராக்கில் அவளே சாக்கைப் பிரித்தாள்.

"டேய், என்னடா இது?"

சொன்னேன். அடிப்பாள் என்று ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னேன். அவள் அந்த வெட்டுகளை விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தாள்.

"அவர்கிட்ட ஏதாவது சொன்னியா?"

"இல்லக்கா."

"சொல்லிடாத."

வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி எட்டிப் பார்த்தார். "கையால வெட்டின டயரா? உள்ள விடமாட்டேன்மா. கைவேலை மட்டும் பிரமாதம்."

பக்கத்தில் நின்ற பெண்கள் டயருக்கு மின்சாரப் போர்வை போர்த்திச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா எங்கள் ரோடு டயரை உதைத்துப் பார்த்தாள்.

"இதுக்குப் போர்வை வேணாம். சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் வழுக்கவும் ஆரம்பிச்சிடும். முதல் சுத்து சூடு பண்ண. ரெண்டாவதுதான் எனக்கு. மூணாவதுக்குக் கெஞ்சினாலும் வராது."

"ரெண்டாவதுல யாராச்சும் குறுக்க வந்துட்டா?"

"வாயைக் கழுவுடா."

அவள் போனபிறகு என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. சுவர் வரை நடந்தேன், திரும்பினேன், யாருடைய தண்ணீரையோ குடித்தேன். முதல் சுற்று: 2:24. இரண்டாவது சுற்றில் கடைசி வளைவில் பின்சக்கரம் வெளிப்பக்கமாக ஒரு முழம் நழுவியது. வண்டலூரில் தண்ணீர் லாரியைத் தாண்டுகிற அதே அலட்சியத்தோடு அதை இழுத்து நேராக்கிக்கொண்டு வந்தாள். திரையில் எண் வந்தது.

2:14.8.

மூன்றாவது சுற்று 2:19. நாலாவது இன்னும் மோசம். யார் கேட்டார்கள்? டீம் ஆள் வந்து பெயர் எழுதிக்கொண்டார்; ரோடு டயரைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை பெயரைச் சரிபார்த்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது ஏசுபாதம் அண்ணன் கடைவாசலிலேயே நின்றிருந்தார். "இன்னாம்மா ஆச்சு?"

"செலக்ட் ஆயிட்டேண்ணா."

"பட்டன் எப்டி?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் என் கழுத்துச் சாக்கைப் பார்த்தேன்.

"ஒரு தடவைகூட வழுக்கலண்ணா" என்றாள். உண்மைதான். சாக்குக்குள் இருக்கும் டயர் எங்கே வழுக்கும்?

புதன்கிழமை கடையில் பலகை வந்தது: 'ரேஸ் டயருக்குப் பட்டன் வெட்டித் தரப்படும்.' வியாழக்கிழமை டீம் அனுப்பிய புது டிராக் டயர் வந்தது, மழமழவென்று. கொரியர்காரர் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டது பஞ்சர் கடையில்.

இப்போது தெருமுனையிலிருந்து ஏசுபாதம் அண்ணன் வந்துகொண்டிருக்கிறார். கையில் பிளேடு. நான் டயர் இரண்டையும் கட்டிலில் வைத்து, மேலே போர்வை போர்த்தி, பக்கத்தில் படுத்துக்கொண்டேன். எனக்குக் காய்ச்சல் என்று அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது.