முதல் விலையே முடிவு விலை

விமானப் போக்குவரத்துத் துறையில் விதிகளை எழுதுகிற அதிகாரி அவள். மூன்று வருடமாக மல்லுக்கட்டி எழுதிய விதி இரண்டே வரிதான். பயணிக்கு முதலில் காட்டும் விலைதான் கடைசியிலும் இருக்க வேண்டும். பயணி கேட்காத எதையும் அவர் தலையில் கட்டக் கூடாது.

அன்று இறுதி விசாரணை. விதி முழுசாகத் தேறுமா, 'இயன்றவரை' என்ற ஒரு சொல்லை நுழைத்து அதன் பல்லைப் பிடுங்கிவிடுவார்களா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். எதிர் வரிசையில் விமான நிறுவனங்களுக்காக வாதாட வந்திருந்தவன் அவற்றில் ஒன்றின் கட்டணப் பிரிவு மேலாளர், அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். இதை இருவருமே விசாரணைத் தலைவரிடம் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்கள். "வீட்டுச் சண்டை வீட்டோட இருக்கட்டும், முடிவு என்னோடது" என்றதோடு அவர் விட்டுவிட்டார்.

வாய்ப்பந்தல் போடுவதில் அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது.

"நாங்க எதையும் மறைக்கலைங்க. எல்லாமே சைட்லயே இருக்கு, பார்க்கிறவங்களுக்குத் தெரியும். 'இயன்றவரை'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துட்டா எல்லாருக்கும் நல்லது."

தலைவர் தலையாட்டினார். அவர் அந்தப் பக்கம் சாய்வது அவளுக்குத் தெரிந்தது. தயாரித்து வந்த உரையை ஓரமாக வைத்துவிட்டு, மடிக்கணினியை அண்ணன் பக்கம் நகர்த்தினாள்.

"அப்ப நீங்களே ஒரு டிக்கெட் போட்டுக் காட்டுங்க சார். ஒரு அம்மா, ஒரு சின்னக் குழந்தை. முதல்ல காட்டுற விலையிலயே முடிங்க."

வீட்டில் 'டேய் அண்ணா' என்பவள் 'சார்' என்றதும் அவன் உதட்டோரம் சிரித்தான். சுவர்த் திரையில் எல்லோரும் பார்க்க, சாப்பாடு வேண்டாம், மற்றவர்களுக்கு முன்னால் விமானம் ஏற வேண்டாம் என்று மளமளவெனத் தாண்டினான். இருக்கைக்குக் கட்டணம் வேண்டாம் என்றதும், அம்மாவுக்கு முன் வரிசையும் குழந்தைக்குக் கடைசி வரிசையும் விழுந்தன.

"குழந்தை தனியாவா போகும்?" என்றார் தலைவர்.

அண்ணன் பக்கத்து இருக்கைக்குக் கட்டணம் சேர்த்தான். "இது ஒண்ணுதான் கூடுது. வேற எதுவும் இல்லை" என்று முடித்தான்.

"அந்த இன்சூரன்ஸ் நீங்க கேட்டீங்களா?" என்றாள் அவள்.

அவன் திரையை உற்றுப் பார்த்தான். அடியில் ஒரு பெட்டியில் முன்பே டிக் விழுந்திருந்தது. தன் வீட்டு வாசற்படியிலேயே தடுக்கி விழுந்தவனைப் போல நின்றான். பக்கத்திலிருந்த வக்கீல் ஏதோ சொல்ல எழுந்தார். அண்ணன் அவரைக் கையமர்த்தினான்.

"நானே கவனிக்கலைங்க" என்றான்.

ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அவன் சொல்லவில்லை. அந்த நொடியில் அவளுக்கு அவனை நினைத்தும் பெருமையாக இருந்தது. 'இயன்றவரை' உள்ளே வரவேயில்லை. விதி எழுதியபடியே தேறியது.

அதற்குப் பிறகு அண்ணன் ஒரு போன்கூடப் போடவில்லை. கோபமா, அவமானமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. விதி நடைமுறைக்கு வந்த வாரம், அம்மாவைப் பார்க்கிற சாக்கில் அவன் வீட்டுக்கே போனாள். அவன் அம்மாவுக்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தான். இவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்னடா, எடுத்த எடுப்புலயே இவ்வளவு காட்டுது?" என்றாள் அம்மா.

"இதுதாம்மா மொத்தமும். இதுக்கு மேல ஒரு காசு கேட்கக் கூடாது."

"யாரு சொன்னா?"

"என் தங்கச்சி சொன்னா. சட்டமே போட்டிருக்கா. இத்தனை கம்பெனியும் சேர்ந்து நின்னோம், ஒத்த வார்த்தையை உள்ள விடலை." போனிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னான். "ஆபீஸ்ல கேட்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன், தோத்தாலும் என் தங்கச்சிகிட்டதான் தோத்தேன்னு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நிக்கிறியே, உட்காரு" என்று அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.