பந்தக்கால் ஓரம் ஒரு காம்போதி

...மூச்சு மட்டும் பிடிபட்டால் போதும், மற்றதை விரல்கள் பார்த்துக்கொள்ளும், மாயக்காள் பந்தக்காலை இறுகப் பிடித்தபடி அய்யலூர் மாயாண்டியின் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டு நின்றாள், சீவாளியை நாக்கில் நனைத்து நாயனத்தில் சொருகுகிறார், ஒருமுறை இருமினார், ஐயோ, இருமாதீங்க, அது ஒன்று போதும் இவர்களுக்கு, முன்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த சேவுகம்பட்டிச் சம்பந்தி சுருளிவேல் அதற்குள் தலையைத் திருப்பிவிட்டார், மணவறையில் மகள் பொன்னழகு தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள், பெற்றவளோ இங்கே மேளக்காரர்களுக்குப் பக்கத்தில்... தாலியறுத்தவள் மணவறைப் பக்கம் நிற்கலாமா, தம்பி பெண்டாட்டி கண்ணம்மாள் விடிந்ததுமே தேன் ஒழுகச் சொல்லிவிட்டாள், மதினி, நீங்க செத்த ஓரமா நின்னுக்கங்க, தப்பா நெனைக்காதீக என்று, தப்பாக நினைக்க என்ன இருக்கிறது, சித்தையன்கோட்டையிலேயே கச்சேரி கேட்க இதைவிட நல்ல இடம் எது, கையை நீட்டினால் தவிலைத் தொடலாம்.

முதன்முதலில் கச்சேரி கேட்டபோது எவ்வளவு தூரத்தில் நின்றாள், திண்டுக்கல்லில், மலைக்கோட்டை அடிவாரத்தில், மாசித் திருவிழாச் சாயங்காலம், பொன்னழகு வயிற்றில் ஐந்து மாதம், கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை, புருஷன் வண்டியை அவிழ்த்துப்போட்டுவிட்டு ஏறி நில்லு, நான் பிடிச்சுக்கிறேன் என்றான், தஞ்சாவூர்ப் பக்கத்து நாயன வித்துவான் அங்கிருந்து பார்க்கக் கட்டைவிரல் உயரம்தான், ஆனால் அந்தச் சத்தம்! பாறையில் போய் மோதி ஒரு நொடி தாமதித்துத் திரும்பி வந்தது, ஒரே ஆள் தன்னோடு தானே பேசிக்கொள்வது போல, அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள், என்னத்துக்குச் சிரிக்கிறே என்றான் அவன், தெரியவில்லை, இன்றுவரை தெரியவில்லை... அப்புறம் சின்னாளபட்டி, அது ஐம்பத்தைந்தா, ஆமாம், பாட்டுக்கார அம்மா பாடிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது, மிருதங்கக்காரர் வாத்தியத்தை வேட்டியால் பொத்திக்கொண்டு ஓடிவிட்டார், அந்தம்மா எழுந்திருக்கவில்லை, பாட்டையும் நிறுத்தவில்லை, நெசவாளிகள் நாலு பேர் வீட்டுக்குள் ஓடி, அப்போதுதான் சாயம் தோய்த்து வைத்திருந்த புதுச் சுங்குடிச் சேலையைக் கொண்டுவந்து அவர் தலைக்குமேல் நாலு மூலையிலும் பிடித்தார்கள், சாயம் கரைந்து அவருடைய வெள்ளைச் சேலையில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு விழுந்தது, குனிந்து பார்த்தார், சிரித்தார், அதே மூச்சில் மேல் ஸ்தாயிக்குப் போனார், நனைந்துகொண்டே முந்நூறு பேர், ஒருத்தர் எழுந்திருக்க வேண்டுமே!

ஆனாலும் அதெல்லாம் அவள் தேடிப்போய்க் கேட்டது, அவளைத் தேடி வந்த கச்சேரி ஒன்றே ஒன்றுதான், புருஷன் போன மறுவருஷம், யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல் கத்தரித் தோட்டமே கதியென்று கிடந்தபோது, பட்டப்பகலில் சாமி சப்பரம் தோட்டத்துப் பக்கம் வந்து வாய்க்கால் சகதியில் சக்கரம் புதைந்து நின்றது, ஆட்கள் கடப்பாரை தேடி ஓடினார்கள், சப்பரத்துக்கு முன்னால் நின்ற நாயனக்காரர் செய்வதறியாமல் வரப்பில் ஏறி வாசிக்க ஆரம்பித்தார், ஒரு மணி நேரம், அவருக்கு எதிரே கத்தரிச் செடிகளும் கூடையை இடுப்பில் இடுக்கிய இவளும்தான், ஊர்ப் பெரியவர்கள் தள்ளு தள்ளு என்று கத்திக்கொண்டிருக்க அவர் அவசரமே இல்லாமல் ஒரு ராகத்தை விரித்துக்கொண்டே போனார், அன்றைக்குத்தான் வீட்டுக்குப் போய் உப்புப் போட்டுச் சோறாக்கித் தின்றாள், அந்த மாயாண்டிதான் இவர், அதற்குப் பேர் காம்போதி என்று பிற்பாடுதான் தெரியும், அதுவரை அவளுக்கு அது சகதி ராகம்.

அப்படிப்பட்டவரை வேண்டாம் என்றார்களே, நெஞ்சு நோயில் ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்தார், குணமாகித்தான் வந்தார், ஆனால் ஊர் ஒப்புக்கொள்ளவில்லை, மூன்று வருஷமாக ஒரு கல்யாணத்துக்கும் கூப்பிடவில்லை, ஏக்கா, முகூர்த்த நேரத்துல அந்தாளுக்கு மூச்சு நின்னுபோச்சுன்னா அபசகுனமுக்கா, மைக் செட்டுல ரிக்கார்டு போட்டா முடிஞ்சுது, சம்பந்தியும் அதைத்தான் சொல்றாரு என்று தம்பி பெருமாள்சாமி மன்றாடினான், அவுக வாசிக்கலைன்னா தேதியைத் தள்ளிப்போடு என்றாள், தன் குரலா அது, பயந்தே போனாள், மறுநாள் அய்யலூர் சந்தைக்குப் போன வண்டியிலேயே ஏறிப் போய்விட்டாள், அன்னைக்கு வாய்க்காங்கரையில வாசிச்சீகளே, அது வேணும் என்றதும், அதையெல்லாமா ஞாபகம் வெச்சிருக்கீக தாயி என்று கேட்டவர், நடுவுல மூச்சு நின்னுபோனா என்ன செய்வீக என்றார், நின்ன எடம் வரைக்கும் கேட்டுக்கிறேன் என்றாள், வேறென்ன சொல்வது.

ஆரம்பித்துவிட்டார், ராகத்தின் முதல் பிடி மெலிந்துதான் வந்தது, சுருளிவேல் பெருமாள்சாமியிடம் ஏதோ சொல்கிறார், சொல்லட்டும், இரண்டாவது பிடி, மூன்றாவது, ஆ... அதோ இறங்கிவிட்டது, கன்னம் புடைக்கிறது, கழுத்து நரம்பு எழுகிறது, தவில்காரர் அடிக்காமல் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறார், பந்தியில் இலை போடுகிற சத்தம் நின்றது, பிள்ளையின் அழுகை நின்றது, சுருளிவேல் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார், வாய் ஒரு பக்கம் உப்பியபடியே இருக்கிறது, பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும், யாருக்கு மூச்சு நிற்கிறது இப்போது, அவருக்கா உங்களுக்கா? யாரோ ஒரு பெண் தட்டோடு வந்து இவள் கையிலும் ஒரு பிடி அட்சதையைக் கொட்டிவிட்டுப் போனாள், மாயக்காள் கண்ணை மூடிக்கொண்டாள், மேலே, இன்னும் மேலே, பாறையில் மோதித் திரும்புகிறது, மழையில் நனைகிறது, கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று யாரோ கத்துவது எங்கோ தூரத்தில், அவர் ராகத்தை அறுக்கவில்லை, அந்த உச்சியிலிருந்தே கெட்டிமேளத்துக்குள் குதித்தார், தவில் இடியாக விழுந்தது, தம்பி ஆகா என்று கத்தினான், தம்பியா, பெருமாள்சாமியா கத்தினான்! சிரித்துக்கொண்டே கண்ணைத் திறந்தாள், மாயாண்டி நாயனத்தை இறக்கிவிட்டுத் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார், நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு, மணவறையில் பொன்னழகின் கழுத்தில் மஞ்சள் கயிறு, தலையெல்லாம் அட்சதை, கண்ணம்மாள் மூக்கைச் சிந்துகிறாள், மாப்பிள்ளை எப்போது கட்டினான்... ஒற்றைப் பெண், பதினெட்டு வருஷம் காத்திருந்த நொடி, பார்க்கவே இல்லையே, விரல்களைப் பிரித்தாள், வேர்வையில் ஒட்டிக்கொண்டு ஒரு பிடி அரிசி அப்படியே இருந்தது, வயிறு எரியவேண்டுமே, ஏன் எரியவில்லை, இது எந்த வகைத் தாய் மனசு என்று உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.