விழுந்தவன் சொன்ன சாட்சி

எங்கள் குத்துச்சண்டைக் கூடாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாசல் மேடையில் நாங்கள் வரிசையாக நிற்போம். முதலாளி எலியாசர், "யாருக்குடா தில் இருக்கு? ஏறி வாங்க!" என்று கத்துவார். ஒருவனும் கை தூக்காவிட்டால், கூட்டத்தில் வெளியாள் போல நிற்கும் எங்கள் ஆளே தூக்குவான். அவன் என்னிடம் தோற்பதும் பேசி வைத்ததுதான். ரொண்டா சுரங்கப் பள்ளத்தாக்கின் சந்தைக்கு வருகிற எல்லோருக்கும் இது தெரியும்.

அன்றைக்கு அந்தச் செட்டப்பே கூடாதென்று முதலாளியிடம் மல்லுக்கட்டி நிறுத்தியிருந்தேன். பெரிய மண்டபங்களில் போட்டி நடத்தும் ட்ரஹர்ன் கார்டிஃப் நகரத்திலிருந்து வந்திருந்தார். பெண்கள் சண்டையை எந்தக் குத்துச்சண்டைச் சங்கமும் ஒப்புக்கொள்ளாத காலம். நான் நிஜமாகவே அடிப்பவள் என்று அவர் நம்பிவிட்டால், லீட்ஸ் ஊர்க் குத்துச்சண்டைக்காரி ஒருத்தியோடு மண்டபத்தில், நடுவரோடு, முறையான போட்டி. வேறென்ன பெரிதாகக் கேட்டுவிட்டேன் நான்?

இஸ்லவின் என்ற சுரங்கக்காரன் கை தூக்கினான். கதவு மாதிரி உடம்பு. "ஏம்மா டெக்வென், வீட்டுல அடுப்பு அணைஞ்சு போச்சா?" என்றான். கூட்டம் சிரித்தது. அவன் விட்ட முதல் குத்திலேயே என் உதடு கிழிந்தது. அடுத்த சுற்றில் விலாவில் ஒன்று, தாடையில் ஒன்று வைத்தேன். மல்லாக்க விழுந்தவன் பத்து எண்ணி முடித்தும் எழவில்லை.

ட்ரஹர்ன் கைதட்டினார். "பிரமாதம்! உங்க ஆளு எவ்வளவு தத்ரூபமா விழுறான்யா!"

"ஐயோ, அவன் எங்க ஆளே இல்லைங்க! வேணும்னா அவனையே கேளுங்க!"

கேட்டார். இஸ்லவின் தாடையைத் தடவிக்கொண்டே தன் கூட்டாளிகளைப் பார்த்தான். அவர்கள் இளித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆமாங்க, விழச் சொல்லிக் காசு குடுத்தாங்க. இல்லன்னா ஒரு பொம்பள கையால நான் விழுவேனா?"

"அடப்பாவி! வாடா, இப்பவே மறுபடி ஏறு!"

"பொம்பளகூட எல்லாம் நான் நிஜமா சண்டை போடுறதில்ல."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "முதலாளி, நீங்களாவது சொல்லுங்களேன்!"

"நான் சொன்னா எவன் நம்புவான் தாயி?" என்றார் எலியாசர்.

ட்ரஹர்ன் தொப்பியை மாட்டினார். "நல்லாத்தான் நடிக்கிறம்மா. மண்டபத்துக்கு நடிப்பு ஆகாது." போயே போய்விட்டார்.

அதைவிடக் கொடுமை, எலியாசர் இஸ்லவினை நிஜமாகவே வேலைக்கு வைத்துக்கொண்டதுதான். மறுநாளே கூட்டத்தில் நின்று கை தூக்கினான். பேசி வைத்தபடி அவன் சாய்வதற்குள், மூக்கில் முழு பலத்தோடு ஒன்று விட்டேன். எலும்பு நொறுங்குவது கையுறைக்குள்ளும் தெரிந்தது.

முன்வரிசையில் ஒருவன் துள்ளிக் குதித்தான். "அடேங்கப்பா, ரத்தம்கூட நிஜம் மாதிரியே வருதுடா!"